கப்சாயும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையும்: ஒரு பயணத்திட்டத்தின் வரலாறு



2001-ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரே விடுதியில் தங்கியிருந்த அறுவர், படிப்பு முடிந்ததும் ஈப்போவிலிருந்து கோத்தா பாருவுக்கு மோட்டார் சைக்கிளில் சென்று வருவதென்று திட்டமிட்டோம். அந்த அறுவரில் நானும் ஒருவன். டிசம்பர் மாதத்தில் செல்வதாக முடிவாயிற்று. வடகிழக்குப் பருவமழை கிளந்தானை வெள்ளக்காடாக்கும் மாதம் அது என்பதை உள்ளூர்ப் புவியியல் படித்த ஆறு பேரில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நல்ல வேளையாக, மழைக்கு முன்பே பணி நியமனக் கடிதங்கள் வந்தன. ஆளுக்கொரு மாநிலம் சென்றோம். பயணம் நின்று போனது.

இப்பொழுது அத்திட்டம் மீண்டும் உயிர் பெற்றிருக்கிறது. வழித்தடத்தை வரையும் பொறுப்பு எனக்கு வந்தது. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தபோது, நாங்கள் ஓட்டப்போகும் வண்டிக்கும் செல்லப்போகும் சாலைக்கும் இருக்கின்ற வரலாறு என்னை இழுத்துக்கொண்டது. அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதலில் வண்டி. மோட்டார் சைக்கிளுக்கு 'உந்துருளி' என்னும் நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. மாணவர்களின் கட்டுரையில் அதையே எழுதச் சொல்வேன். ஆயினும் நம் நாட்டில் அவ்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'கப்சாய்'. ஹோண்டா நிறுவனத்தின் 'கப்' என்னும் வண்டிப் பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து பிறந்த பெயர் அது. மலாய்க்காரரும் தமிழரும் அப்படியே எடுத்துக்கொண்டனர்.

1958-இல் ஜப்பானில் ஹோண்டா சூப்பர் கப் வெளிவந்தது. 49 சிசி இயந்திரம். இடக்கையால் கிளட்சைப் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு கையில் நூடுல்ஸ் தட்டுகளைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஓட்டும் உணவு விநியோகப் பையன்களை மனத்தில் வைத்தே அவ்வாறு வடிவமைத்தார்களாம். நடுவில் உயரமான எண்ணெய்த் தொட்டி இல்லாததால், கைலி கட்டியவரும் சேலை உடுத்தியவரும் தடையின்றி ஏறி அமரலாம். நூடுல்ஸ் பையனுக்காக ஜப்பானியர் செய்த வசதி, நம் தோட்டப்புறத்துப் பெண்களுக்கும் வாய்த்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. 2017-ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் பத்துக் கோடி சூப்பர் கப் வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன.

அவ்வண்டியை மலாயாவுக்குக் கொண்டு வந்தவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ (1915–1995). சீனாவின் ஃபூஜியான் மாநிலத்திலிருந்து சிறுவனாக வந்து, வாகனப் பட்டறையில் எண்ணெய்க் கறையோடு தொழில் கற்றவர். 1958-இல் ஜப்பான் சென்றபோது இந்தச் சிறு வண்டியைக் கண்டு, அதன் விற்பனை உரிமையைப் பெற்றுத் திரும்பினார். பள்ளிப் படிப்பு இல்லாத அம்மனிதரின் கண் நம் நாட்டின் சாலைகளையே மாற்றிவிட்டது.

எங்கள் தோட்டத்தில் எந்த நிறுவனத்து மோட்டாராக இருந்தாலும் அதற்கு 'ஹோண்டா' என்றுதான் பெயர். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்த காலத்தை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்ததெல்லாம் பழைய சி70 வண்டியின் இருபுறமும் பால் வாளிகள் தொங்கிய காட்சியைத்தான். விடியற்காலை பெரட்டுக்கும், பின்னர் வெட்டுக்கும், மாலையில் பட்டணத்துக் கடைக்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் அதே வண்டி. என்னைப் பள்ளியில் இறக்கிவிடும்போது சட்டையில் ஒட்டியிருக்கும் ரப்பர் பால் வாடை எனக்கு வெட்கமாக இருக்கும். இன்று எழுதும்போது அந்த வெட்கத்தை நினைத்துத்தான் வெட்கமாக இருக்கிறது.

லயத்து வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே பேருந்து வராத அந்தச் செம்மண் சாலையை இந்த வண்டிதான் கடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பெண் பார்க்கவும், மருத்துவமனைக்கு அவசரமாகச் செல்லவும், பிள்ளைகளை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பவும் அது இன்றியமையாததாயிற்று. தோட்டப்புறத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் இரயிலுக்கும் கப்பலுக்கும் கொடுக்கும் இடத்தில் ஒரு பத்தியையாவது கப்சாய்க்குக் கொடுத்திருக்கலாம்.

இனி சாலை. ஈப்போவிலிருந்து கோலகங்சார், லெங்கோங், கிரிக் வழியாகச் சென்று, அங்கிருந்து மலையேறி ஜெலியில் இறங்கினால் கிளந்தான். முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு பகலில் முடிந்துவிடும். ஆனால் 1982-க்கு முன்னர் இப்படிச் செல்ல வழியே கிடையாது. தித்திவங்சா மலைத்தொடர் குறுக்கே நின்றது. வடமேற்கிலிருந்து கிளந்தானுக்குச் செல்ல விரும்புவோர் தெற்கே நெடுந்தொலைவு இறங்கிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையின் பணி 1970-இல் தொடங்கியது. சாலை போட்டு முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. காடும் மலையும் மட்டும் அதற்குக் காரணமல்ல. தாய்லாந்து எல்லையை ஒட்டிய அக்காடுகளில் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியினர் ஆயுதமேந்தி இருந்தனர். 1968-இல் மீண்டும் மூண்ட போராட்டம் அது. சாலை வந்தால் இராணுவமும் வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1974-இல் கட்டுமான இயந்திரங்கள் தாக்கி அழிக்கப்பட்டன. பொறியாளர்களும் தொழிலாளர்களும் படைவீரர் காவலில் வேலை செய்தனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. அதே காலத்தில் தெமெங்கோர் அணையும் கட்டப்பட்டதால், பள்ளத்தாக்கு நீரில் மூழ்கி ஏரியாயிற்று. சாலை அந்த ஏரியைப் பாலத்தின் மீது கடக்கிறது.

1982 ஜூலையில் சாலை திறக்கப்பட்டது. ஆயினும் தொடக்க ஆண்டுகளில் பகலில் மட்டுமே அதில் செல்ல அனுமதி. மாலைக்குப் பின் தடுப்பு இறங்கிவிடும். 1989 டிசம்பர் 2-ஆம் நாள் ஹட்ஞாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தான பின்னரே அச்சம் விலகியது. இன்று அச்சாலையில் விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவ்வரலாறு தெரியுமா என்று நான் ஐயப்படுகிறேன். நம் பாடநூலிலும் அதற்கு அதிக இடமில்லை.

இந்தச் சாலைக்கு வேறொரு சொந்தக்காரரும் உண்டு. பெலும் தெமெங்கோர் காட்டு யானைகளுக்கு அது பழைய நடைபாதை. அவை அடியில் கடந்து செல்வதற்கென்றே ஓரிடத்தில் மேம்பாலம் அமைத்திருக்கிறார்கள். இருந்தும் 2025 மே மாதத்தில் ஒரு குட்டி யானை லாரியில் அடிபட்டு இறந்தது. அதன் தாய் லாரியின் மீது தலையை முட்டியபடி நகராமல் நின்ற படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதமே, ஜூன் 9-ஆம் நாள், நள்ளிரவு கடந்த நேரத்தில், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றி வந்த பேருந்து அதே நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகி, பதினைந்து மாணவர்கள் இறந்தனர். விடுமுறை முடிந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் அது. நாம் கற்ற தொழிலைக் கற்கச் சென்ற பிள்ளைகள். செய்தியைக் கேட்ட அன்று வகுப்பில் என்னால் சரியாகப் பாடம் நடத்த முடியவில்லை.

ஆகவே எங்கள் திட்டத்தின் முதல் விதி எளிதாக எழுதப்பட்டது: கிரிக்கிலிருந்து காலை எட்டு மணிக்குப் பின் கிளம்புவதில்லை; பொழுது சாய்வதற்குள் ஜெலியைத் தாண்டிவிட வேண்டும். கிரிக்கில் தொட்டி நிறைய எண்ணெய் போட்டுக்கொள்ள வேண்டும். கப்சாயின் தொட்டி சிறியது. மலைச்சாலை நூறு கிலோமீட்டருக்கு மேல். நவம்பர் முதல் ஜனவரி வரை இல்லவே இல்லை. இருபது ஆண்டுகளில் அவ்வளவாவது கற்றுக்கொண்டோம்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பற்றியும் ஒரு சொல். 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அதில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது. குழுவாகச் செல்வோருக்கு வசதிதான். ஆனால் லாரிகளின் காற்றில் சிறிய வண்டி ஆடும். கூட்டமாகச் செல்லும் கப்சாய்களுக்கு ஊர்களின் வழியே போகும் பழைய கூட்டரசுச் சாலையே ஏற்றது என்பது என் கருத்து. பசியாறவும் நல்ல கடைகள் அங்கேதான் இருக்கின்றன.

மோட்டார் சைக்கிளோட்டிகளைக் காக்க இந்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1973-இல் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 1970-களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனித்தடம் அமைத்தோம். உலகில் இவ்வகையில் முதலாவது என்று சொல்லப்படுவது அது. இருந்தும் 2023-ஆம் ஆண்டில் நம் சாலைகளில் இறந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரில், பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

எங்கள் அறுவரில் ஒருவர் 2011-இல் அந்தக் கணக்கில் சேர்ந்தார். விடியாத வேளையில் பள்ளிக்குச் செல்லும் வழியில், விளக்கின்றிச் சாலையோரம் நின்ற லாரியில் மோதினார். அவருடைய மகனுக்கு அப்போது இரண்டு வயது. இவ்வாண்டு அவன் பி2 உரிமம் பெற்றிருக்கிறான், இஎக்ஸ்5 ஓட்டுகிறான். எங்கள் திட்டம் எப்படியோ காதில் விழுந்து, "சித்தப்பா, அப்பா போக நெனச்ச இடத்துக்கு நானும் வரட்டுமா?" என்று கேட்டான்.

ஐவரும் மூன்று முறை கூடிப் பேசினோம். இருவர் கூடவே கூடாது என்றனர். தனியாக, நண்பர்களோடு, இரவில், எங்களுக்குத் தெரியாமல் அவன் போவதைவிட எங்கள் நடுவில் போகட்டும் என்றார் ஒருவர். நான் எந்தப் பக்கமும் உறுதியாக நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் எத்தனையோ பெற்றோருக்கு அறிவுரை சொன்ன வாய் அங்கே அடைத்துக்கொண்டது. இறுதியில், முடிவெடுக்கும் உரிமை எங்களுக்கில்லை என்று கண்டு அண்ணியிடம் சென்றோம்.

அண்ணி நெடுநேரம் பேசவில்லை. "தம்பி, ரெண்டு வாரம் குடுங்க," என்றார். சொன்னபடி இரண்டு வாரம் கழித்து அழைத்தார். அவன் இரண்டாவது வண்டியாகத்தான் வர வேண்டும். மணிக்கு எழுபதுக்கு மேல் எவரும் ஓட்டக்கூடாது. மழை பிடித்தால் எந்த இடமானாலும் நிறுத்திவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

உண்மையில் குழுப்பயணத்தில் அனுபவம் குறைந்தவரைத் தலைவருக்கு அடுத்து வைப்பதே முறை. அவருடைய வேகத்துக்கே வரிசை நகரும். கடைசி வண்டி எவரையும் பின்னால் விட்டுவிடாமல் வர வேண்டும். அதற்குப் பின்னால், பழுதான வண்டியையும் களைத்துப் போனவரையும் ஏற்றிக்கொள்ள ஒரு வேன். அந்த வேனுக்கு ஓட்டுநர் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன்.

"தேட வேணாம். நான் ஓட்டுறேன்," என்றார் அண்ணி.