ராஜியாகாத குற்றம்

மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டப் போன கூட்டத்தில் எங்கப்பாவும் ஒருத்தர். 1972 வாக்கில் நடந்தது இது. ரோட்டோர டீக்கடைக் கூரையில் எங்க ஆளுங்களுக்கென்று அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். நாமே எடுத்து, நாமே கழுவி, தள்ளி நின்று நீட்டவேண்டும். அப்பா ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாசில் டீ கேட்டார். அடி விழுந்தது. கேஸ் கோர்ட்டுவரை போனது. வாய்தாவுக்கு முதல்நாள் ஊர்ப் பெரியவர்கள் சேரிக்கு வந்தார்கள். "வுடுடா, நாளைக்கும் எங்க கொல்லையிலதான பொழைக்கணும்" என்றார்கள். ராஜி மனுவில் அப்பா கைநாட்டு வைத்தார். டம்ளர் கூரையிலேயே இருந்தது.

அப்பா பயந்துட்டார் என்று ரொம்பகாலம் அவர்மேல் எனக்குக் கோபம். சட்டத்தைப் படித்தபிறகுதான் விஷயம் பிடிபட்டது. 1955ஆம் வருடத்துத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், கடையில் ஒதுக்கிவைப்பதற்கு ஆறுமாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் என்றது. இரண்டும் சேர்த்தும் கொடுக்கலாம். அதே சட்டம், கோர்ட்டு அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம் என்றும் வழிவிட்டிருந்தது. கூலி கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் சமரசம் பேசினால் யார் இறங்கிப்போவார்?

அமெரிக்கக் கறுப்பர்களுக்கு ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. சத்திரம், வண்டி, நாடகக் கொட்டகை எதிலும் நிறபேதம் கூடாது என்று 1875லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. 1883ல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பதினான்காவது திருத்தம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியாள் நடத்தும் சத்திரத்தை அல்ல என்பது வாதம். என் கடை, என் இஷ்டம்! 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கான சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். எங்கப்பா உட்கார்ந்த அதே பெஞ்சுதான் அது. 1964ல் புதுச்சட்டம் வந்தது. அதை எதிர்த்த அட்லாண்டா விடுதிக்காரர் அந்த டிசம்பரிலேயே தோற்றார்.

இங்கே அந்த வாதத்துக்கே இடமில்லை. அரசியல் சட்டத்தின் 15ம் 17ம் பிரிவுகள் 1950லேயே கடைக்காரனையும் கட்டுப்படுத்தின. நம்மைக் கவிழ்த்தது ராஜிதான்.

அதை அடைத்ததில் நம்ம பழைய தென்னாற்காட்டுக்காரர் ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள். 1965ல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர். நாடு முழுக்கச் சுற்றி 1969ல் அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக வந்த திருத்தம் 1976 நவம்பர் 19ல் அமலானது. சட்டத்தின் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்றானது. குறைந்தது ஒருமாதம் சிறை, அபராதமும் சேர்த்து. புலன்விசாரணையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் அதிகாரியும் குற்றத்துக்கு உடந்தை. முக்கியமாக, ராஜி கிடையாது.

மார்ட்டின் லூதர் கிங் படத்தை நாம் அட்டையில் போடுகிறோம். போடவேண்டியதுதான். இளையபெருமாள் படத்தை எத்தனைபேர் போட்டோம்? நெடுங்காலம் காங்கிரசில் இருந்தவர் என்று ஒதுக்கிவிட்டோமோ என்னவோ.

ராஜி அதோடு ஒழிந்துவிடவில்லை. சாட்சி பிறழ்வதும், பதிலுக்குப் போடும் பொய்க்கேசும் அதன் மறுபிறவிகள். 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இதையெல்லாம் ஒருநாள் அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் வச்ச கைநாட்டு செல்லாதாடா?"

"எழுபத்தாறுக்கு முன்னாடி வச்சதுப்பா. செல்லும்."