மிதிவண்டி மின்னும் வானொலியும்

1990 யூனிற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பற்றரிகளும் பெற்றோலும் தடைப்பொருள்களாயின. மண்ணெண்ணெயில் ஓடிய கார்களையுடையோர் சிலர் அவற்றின் பற்றரியில் வானொலியை இணைத்தனர். ஏனையோருக்கு வாய்த்தது மிதிவண்டி டைனமோவே. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றுவர். டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ற்று ஆடலோட்டம். வானொலி வேண்டுவதோ நேரோட்டம். ஆதலின் இடையே இருவாயிகளைப் பொருத்தினர். பல்கலைக்கழகம் காணாத கைகளும் இவ்விணைப்பைச் செய்தன என்பது நாம் கருதத்தக்கது. கசற் பெட்டி இவ்வளவிற் பணியாது: சுழற்றும் கை தளர்ந்தால் மோட்டாரும் தளரும், பாடகர் குரல் இழுபட்டுத் தடிக்கும். வானொலியே பெரிதும் பயன்பட்டது. இரவில் பிபிசி தமிழோசையைக் கேட்க அயலவர் கூடினர். சில்லின் இரைச்சலருகே இருந்து சுழற்றிய இளைஞனுக்கு மட்டும் செய்தி அரைகுறையாகவே கேட்டிருக்கும்.