கூட்டலுக்கு வெளியே: நைல் நதிக்கணக்கின் வரலாறு

'மாதிரி' என்கிற சொல்லைத் தமிழில் நாம் மூன்று விதமாகப் புழங்குகிறோம். பேச்சில் அது உவம உருபு. கடையில் அது மூட்டையிலிருந்து எடுத்துக் காட்டும் ஒரு பிடி அரிசி. பொறியாளரிடம் போனால் ஆற்றையோ காற்றையோ சமன்பாடுகளாக எழுதிப் பார்க்கும் காரியம், அதாவது கணித மாதிரி. மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மாதிரி ஒருபோதும் அதுவே ஆகாது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று யாரோ முன்கூட்டியே முடிவுசெய்திருக்கிறார்கள்.

அணை, அணு உலை, சுரங்கம் என்று எதிர்ப்பு இயக்கங்களில் நிற்கும் நம்மவர்களிடம் இது குறித்து இரண்டு மனோபாவங்களைப் பார்க்க முடிகிறது. நிபுணர் அட்டவணையை நீட்டியதும் வாயடைத்துப்போவது ஒன்று. கணிதமே அதிகாரத்தின் மொழி என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது இன்னொன்று. இரண்டும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன: கணக்கைப் படிக்காமல் இருப்பதில். இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான நீர்க்கணக்கு ஒன்றை, நைல் நதிக்கணக்கை, ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்பது இதற்கு மாற்றாக அமையலாம்.

1

கெய்ரோவின் ரோடா தீவில் ஒரு கல்தூண் இருக்கிறது. முழக்கணக்கில் கோடு கிழித்து, ஆற்றின் ஏற்ற இறக்கத்தை அதில் பார்த்து எழுதி வந்தார்கள். இன்று நிற்கும் தூண் கி.பி. 861ல் எழுந்தது, 622லிருந்தே அளவுகள் கிடைக்கின்றன. உலகில் இவ்வளவு நீண்ட நீர்ப்பதிவு அபூர்வம். எதற்காக எழுதினார்கள்? வெள்ளம் 16 முழத்தைத் தொட்டால் அந்த ஆண்டு முழு நிலவரி வசூலிக்கலாம். ஆக, பின்னாளில் விஞ்ஞானிகளுக்குத் 'தரவு' ஆனது, பிறக்கும்போது வரிக்கணக்கு. அதனாலேயே அது பொய்யாகிவிடாது. ஆனால் ஆற்றை யார், எதற்காக உற்றுப் பார்த்தார்கள் என்பது அந்த எண்களோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

1906ல் ஹரால்ட் எட்வின் ஹர்ஸ்ட் என்கிற ஆங்கிலேயர் எகிப்துக்கு வேலைக்கு வந்தார். லெஸ்டர் பக்கத்துக் கொத்தனார் வீட்டுப் பையன். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, பிறகு முட்டிமோதி ஆக்ஸ்ஃபோர்டு போனவர். எகிப்து அப்போது பிரிட்டனின் பிடியில். லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி வேணும், பருத்திக்குக் கோடையிலும் தண்ணீர் வேணும். ஹர்ஸ்ட் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நைலோடு கிடந்தார். 'அபு நில்', நைலின் தகப்பன், என்றுகூட அவரை அழைத்திருக்கிறார்கள்.

அவர் முன்னிருந்த கேள்வி எளிமையானது. நல்ல ஆண்டுகளின் உபரியைச் சேர்த்துவைத்து வறண்ட ஆண்டுகளில் திறந்துவிட வேண்டும். நூறு வருஷத்துக்கும் தாங்க வேண்டும். எவ்வளவு பெரிய தேக்கம் தேவை? ஒவ்வோர் ஆண்டின் வரத்திலிருந்தும் சராசரியைக் கழித்து, மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை எட்டும் உச்சத்துக்கும் விழும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளிதான் தேக்கத்தின் அளவு.

ஒவ்வோர் ஆண்டும் நாணயம் சுண்டுவதுபோலத் தனித்தனி, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொண்டால், அந்த இடைவெளி ஆண்டுகளின் வர்க்கமூலத்துக்கேற்ப வளர வேண்டும். நூறு ஆண்டுகளுக்குத் திட்டவிலக்கத்தைப் போலச் சுமார் 12.5 மடங்கு. ரோடா தூணின் பதிவுகள் இதற்கு அடங்கவில்லை. நைலில் மட்டுமா என்று மழை, மரவளையங்கள், ஏரிப் படிவுகள் என நூற்றுக்கணக்கான வரிசைகளைக் கையாலேயே போட்டுப் பார்த்தார். 0.5 வரவேண்டிய அடுக்கு சராசரியாக 0.73 என்று வந்துகொண்டே இருந்தது. அதன்படி நூறு ஆண்டுகளுக்கு 17 மடங்குக்கும் மேல் தேவை. 1951ல் இதை அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்.

இதன் பொருள், வறட்சி வறட்சியோடு சேர்ந்து வருகிறது, வெள்ளம் வெள்ளத்தோடு. ஆற்றுக்கு ஞாபகம் இருக்கிறது. தன் காலத்துக் கணிதத்தின் ஓர் அடிப்படை அனுமானத்தை ஹர்ஸ்ட் உடைத்தது தத்துவத்தால் அல்ல, பொறுமையாகக் கூட்டிக் கழித்து. கணிதத்தை ஒற்றைக் குரலாகப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதற்குள்ளும் கலகம் உண்டு.

2

1968ல் மாண்டல்பிராட்டும் வாலிஸும் இந்த நீண்ட ஞாபகத்துக்கு 'யோசேப்பு விளைவு' என்று பெயர் வைத்தார்கள். ஆதியாகமக் கதை நமக்குத் தெரியும். ஏழு கொழுத்த பசுக்கள், ஏழு மெலிந்த பசுக்கள். பார்வோனின் கனவுக்கு யோசேப்பு சொல்லும் பொருள். செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியம் சேர்த்து, பஞ்ச ஏழு ஆண்டுகளில் பிழைத்தல். ஆற்றின் போக்குக்குப் பொருத்தமான பெயர்தான்.

ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. பஞ்சம் வந்ததும் யோசேப்பு தானியத்தைச் சும்மா கொடுத்துவிடவில்லை. முதலில் ஜனங்களின் பணத்தை வாங்கினான். பணம் தீர்ந்ததும் ஆடுமாடுகளை. அதுவும் தீர்ந்ததும் நிலத்தை. கடைசியில் நிலமெல்லாம் பார்வோனுடையது, ஜனங்கள் அவனுக்கு அடிமைகள், விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு அரண்மனைக்கு. கனவின் கணக்கு துல்லியமாகப் பலித்தது. பஞ்சத்தில் ஜனங்கள் சாகவில்லை. ஆனால் களஞ்சியத்தின் சாவியை வைத்திருந்தவன் நிலத்தையும் வைத்துக்கொண்டான். விளைவுக்குப் பெயர் வைத்தவர்களுக்குக் கதையின் முதல் பாதி போதுமானதாக இருந்தது. நமக்கு இரண்டாவது பாதியும் வேணும்.

3

1946ல் ஹர்ஸ்ட், பிளாக், சிமைக்கா மூவரும் நைலின் எதிர்காலத் தேக்கம் பற்றிய நூலை வெளியிட்டார்கள். அதில் 'நூற்றாண்டுத் தேக்கம்' என்கிற கருத்து விரிவாகிறது. தண்ணீரைத் தெற்கே பூமத்தியரேகைப் பகுதி ஏரிகளில் சேர்ப்பது. தெற்கு சூடானின் ஸட் சதுப்பில் அது விரயமாகாமல் இருக்க, ஜொங்லெய் என்ற இடத்திலிருந்து கால்வாய் வெட்டித் திருப்பிவிடுவது.

சதுப்புக்குள் நுழையும் வெள்ளை நைலின் தண்ணீரில் ஏறக்குறையப் பாதி ஆவியாகிவிடுகிறது. நீரியல் ஏடுகளில் இதற்குப் பெயர் 'இழப்பு'. யாருக்கு இழப்பு? டிங்கா, நூயர் இனத்தவருக்கு வெள்ளம் பரவி வடிகிற அந்தச் சதுப்பின் விளிம்புதான் கோடையில் மாடு மேய்க்கும் புல்வெளி. அவர்களுடைய பாலும் மீனும் நீரியலாளரின் இழப்புக் கணக்கில் இருந்தன. ஒரு சொல்லை எந்தப் பக்கத்தில் எழுதுகிறோம் என்பதிலேயே ஒரு நாட்டின் வரவு இன்னொரு ஜனத்தின் செலவாகிவிடுகிறது. 1978ல் கால்வாய் தோண்ட ஆரம்பித்தார்கள். உள்நாட்டுப் போர் மூண்டதும் 1984க்குள் வேலை நின்றது. அந்தப் போரைத் தெற்கிலிருந்து நடத்திய ஜான் கராங், 1981ல் அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் இதே ஜொங்லெய் திட்டம். கணக்கைப் படித்தவன் எதிர்ப்பக்கத்திலும் இருந்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

4

1952 புரட்சிக்குப் பின் வந்த நாசர் அரசுக்கு, தன் தண்ணீர் பிரிட்டிஷ் உகாண்டாவின் ஏரிகளில் கிடப்பதில் சம்மதமில்லை. அது நியாயமான அச்சம். எனவே தேக்கம் முழுவதும் எகிப்தின் எல்லையில், அஸ்வானில். 1956ல் அமெரிக்கா உதவியை விலக்கிக்கொண்டதும் சூயஸ் தேசியமயமானது, பிறகு சோவியத் கடன், 1960ல் வேலை ஆரம்பம், 1970ல் முடிவு. எவ்வளவு தேக்கம் என்பதைச் சொன்னது கணக்கு. எங்கே என்பதைச் சொன்னது அரசு. அங்கே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்பது இரண்டு பேருடைய தாளிலும் ஒரு மாறியாக இல்லை.

அங்கே இருந்தவர்கள் நூபியர்கள். 1902ல் வந்த முதல் அஸ்வான் அணை, 1912லும் 1933லும் உயர்ந்தபோதெல்லாம் வீடுகளை மேட்டுக்கு மாற்றிக்கொண்டே போனவர்கள். இம்முறை மேடும் மிஞ்சவில்லை. 1963-64ல் எகிப்து நூபியர் சுமார் 50,000 பேர் ஆற்றங்கரையிலிருந்து தள்ளி, கோம் ஓம்போ பக்கம் கட்டிய குடியிருப்புகளுக்குப் போனார்கள். சூடானில் வாடி ஹல்ஃபாவைச் சுற்றி ஏறக்குறைய அதே அளவு ஜனம் கஷ்ம் எல் கிர்பாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே 1960லேயே ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. அதே ஆண்டில்தான் யுனெஸ்கோவும் கோயில்களைக் காப்பாற்ற உலகத்துக்கு வேண்டுகோள் விட்டது. 1964லிருந்து 1968க்குள் அபு சிம்பல் கல் கல்லாக அறுக்கப்பட்டு சுமார் 65 மீட்டர் மேலே திரும்ப நின்றது. கல்லுக்கு ஆற்றங்கரை திரும்பக் கிடைத்தது.

முகம்மது கலீல் காசிம் என்ற நூபியர், கம்யூனிஸ்டாகச் சிறையிலிருந்தபோது எழுதி 1968ல் வெளிவந்த 'அஷ்-ஷமந்தூரா' நாவல், 1933ல் அணை உயர்ந்த காலத்துக் கிராமத்தைப் பற்றியது. ஷமந்தூரா என்றால் தண்ணீரில் மிதக்கும் மிதவை. ரோடா தூணில் குறிக்காத அளவு ஒன்றை அந்த நாவல் குறித்துவைத்திருக்கிறது. நதியின் ஞாபகத்துக்கு ஓர் எண் கிடைத்த காலத்தில், நதிக்கரையின் ஞாபகத்துக்கு நாவல்தான் கதி என்றாயிற்று.

5

இத்தோடு நிறுத்தினால் இதுவும் நமக்குப் பழகிப்போன ஓர் அணை எதிர்ப்புக் கதையாடல் ஆகிவிடும். உண்மை அதைவிடச் சங்கடமானது. 1979லிருந்து 1987 வரை நைலில் வரத்து தொடர்ந்து குறைந்தது. 1984ல் எத்தியோப்பியாவில் கொடும் பஞ்சம். எகிப்து பிழைத்தது அஸ்வான் தேக்கத்தால். 1988 கோடையில் ஏரி அபாயமான அளவுக்கு இறங்கியபோது, ஆகஸ்டில் வெள்ளம் வந்து காப்பாற்றியது. வறட்சி சேர்ந்து வரும் என்ற ஹர்ஸ்டின் கணக்கு அப்படியே பலித்தது. கெய்ரோவின் ஏழைக்கும் ரொட்டி கிடைத்தது அதனால்தான். மத்தியதரைக்கடலில் மத்தி மீன் பிடிப்பு சரிந்ததும், வண்டல் நின்றுபோய் டெல்டாவின் கரை அரிக்கப்பட்டதும் உண்மை என்றால், இதுவும் உண்மை. நூபியருக்கு நடந்தது தப்புக் கணக்கின் விளைவல்ல. சரியான கணக்கின் விளைவு. தப்பாக இருந்தால் திருத்திவிடலாம். சரியாகவே இருந்துகொண்டு ஒரு ஜனத்தை வெளியே வைக்கிற கணக்கை என்ன செய்வது?

அதன் விளிம்புகளைத் தொட வேண்டும். முதலில் கால விளிம்பு. 1870லிருந்து 1899 வரையிலான நைலின் ஆண்டுச் சராசரி சுமார் 11,000 கோடி கன மீட்டர். 1900லிருந்து 1959 வரை சுமார் 8,400 கோடி. எந்தச் சராசரி ஆறு? 1959 ஒப்பந்தம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. ஏரியில் ஆவியாவதற்கு 1,000 கோடி போக, எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி. மிச்சம் பூஜ்யம். கணக்கு நேர்த்தியாக முடிந்துவிட்டது. தண்ணீரில் சுமார் 85 சதவீதத்தைத் தருகிற எத்தியோப்பியா அந்தக் கூட்டலில் இல்லை.

ஹர்ஸ்ட் தன் கருத்தைச் சோதிக்க ஒரு சீட்டாட்டம் வைத்திருந்தார். ஒரு சீட்டை எடுத்து, அதற்கேற்பக் கட்டையே ஒரு பக்கம் சாயவைத்து, ஜோக்கர் வரும்வரை அதில் ஆடுவது. வந்ததும் கட்டைக் கலைத்து மறுபடி சாய்ப்பது. ஆற்றுக்கு இருப்பது ஞாபகமா, அல்லது சராசரியே அவ்வப்போது நகர்ந்துவிடுகிறதா என்று 1974ல் கிளெமெஷ் கேட்டார். கேள்வியின் விதை அந்தச் சீட்டுக்கட்டிலேயே இருந்தது. பருவநிலை மாறிக்கொண்டிருக்கும்போது பழைய சராசரியை நம்பித் திட்டமிடும் காலம் முடிந்தது என்று 2008ல் நீரியலாளர்களே எழுதினார்கள்.

2011ல் எத்தியோப்பியா நீல நைலில் தன் பேரணையைத் தொடங்கி, 2020ல் நிரப்ப ஆரம்பித்து, 2025 செப்டம்பரில் திறந்துவைத்தது. கொள்ளளவு சுமார் 7,400 கோடி கன மீட்டர். 1959ல் இரண்டு நாடுகள் மூன்றாவதை விட்டுவிட்டுப் பங்கிட்டுக்கொண்ட மொத்தமும் அதே 7,400 கோடி. எண்கள் பொருந்தியது தற்செயலாக இருக்கலாம். பேச்சுவார்த்தை முட்டி நின்ற இடம் தற்செயல் அல்ல. 'நீடித்த வறட்சி' என்பதை எப்படி வரையறுப்பது, அப்போது யார் எவ்வளவு திறந்துவிட வேண்டும்? ஹர்ஸ்டின் கேள்விதான், இப்போது மூன்று தலைநகரங்களின் மேஜைமேல்.

எகிப்தின் 2014 அரசியல் சட்டம், பத்தாண்டுகளுக்குள் நூபியரை அவர்களின் பூர்வ இடங்களுக்குத் திரும்பக் கொண்டுவரத் திட்டம் போடுவதாக வாக்களித்தது. பத்தாண்டு முடிந்துவிட்டது. ஏரிக்கரையில் அவர்களின் ஊர்கள் இன்னும் எழவில்லை.

அடுத்த முறை நம் முன்னால் ஓர் அட்டவணை நீட்டப்படும்போது, இதில் பிழை எங்கே என்று மட்டும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கூட்டலை எந்த வருஷத்தில் ஆரம்பித்தீர்கள், எந்தக் கரையில் நிறுத்தினீர்கள், எதற்கு 'இழப்பு' என்று பெயர் வைத்தீர்கள் என்று கேட்போம். பதில் சொல்ல அவர்களுக்குக் கணிதம் உதவாது.