இஞ்சி பீருக்குள் ஒரு நத்தை

போன லீவுக்கு ஊருக்கு (காமயகவுண்டன்பட்டிதான், வேறெங்க) போயிருந்தப்போ மச்சான் என் மகளுக்கு ஒரு மிக்சர் பாக்கெட் வாங்கிட்டு வந்தார். பாதி தின்னுட்டு, "அப்பா, இதென்ன?"ன்னு வாயிலிருந்து எடுத்துக் காட்டினா. சுண்டுவிரல் நகம் நீளத்துக்கு ஒரு கம்பித்துண்டு.

வந்த கோபத்துல நேரா கடைக்குப் போனேன். அண்ணாச்சி அசரவே இல்லை. "தம்பி, கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்புறத அப்படியே சரம் சரமா தொங்கவிடுறேன். உள்ள என்ன கெடக்குன்னு எனக்கென்ன ஞானக்கண்ணா இருக்கு? அதுவும் நீங்க வாங்கலியே, உங்க மச்சான்ல வாங்கினாரு!" வேற பாக்கெட் ஒண்ணு கொடுத்தார். திரும்பி வந்தா, அம்மா பழைய பாக்கெட்டை கம்பியோட சேர்த்து குப்பைல வீசியாச்சு. நம்ம கேஸ் அத்தோட முடிஞ்சுது.

ஆனா அண்ணாச்சி கேட்ட ரெண்டு கேள்வியும் மண்டையில சுத்திக்கிட்டே இருந்தது. கடைக்காரன் பார்க்க முடியாத பொருளுக்கு யார் பொறுப்பு? ஒருத்தர் வாங்கி இன்னொருத்தர் தின்னா யார் கேட்கிறது? ஸ்காட்லாந்தில் ஒரு பெண்மணியை நாலு வருஷம் அலையவிட்டது இதே ரெண்டு கேள்விதான்.

பேர் மே டோனகியூ. கடையில் வேலை பார்த்தவர், 30 வயது. 1928 ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோவிலிருந்து பக்கத்து ஊரான பெய்ஸ்லிக்குப் போய் வெல்மெடோ கஃபேயில் உட்கார்ந்தார். கூட வந்தவர் காசு கொடுத்து, ஐஸ்கிரீமில் ஊற்றிச் சாப்பிட இஞ்சி பீர் வாங்கித் தந்தார். (பேர்தான் பீர், நம்மூர் கலர் மாதிரி வச்சுக்கோங்க.) கொஞ்சம் குடிச்சாச்சு. மிச்சத்தை ஊற்றும்போது பாட்டிலிலிருந்து அழுகிப்போன நத்தை வந்து விழுந்ததாம். வயிறு கெட்டு, ஆஸ்பத்திரி வரை போக வேண்டியதாயிற்று.

கம்பம் பக்கம் குடிக்கிற கோலி சோடாவா இருந்தா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்திருக்கலாம். இது உள்ளே தெரியாத கறுத்த கண்ணாடி. கடைக்காரர் மேல் தப்பு சொல்ல வழியில்லை. தயாரித்த டேவிட் ஸ்டீவன்சனோடு மேக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. வாங்கினவர் கேஸ் போடலாம்னா அவருக்கு வயிறு வலிக்கலை!

இவருக்கு வாய்த்த வக்கீல் வால்டர் லீச்மன். மனுஷன் அப்போதான் இதே மாதிரி, இஞ்சி பீர் பாட்டிலில் செத்த எலி கிடந்த ரெண்டு வழக்குகளில் தோற்றிருந்தார். 1929 மார்ச் 20-இல் எலி கேஸ் தோல்வி. ஏப்ரல் 9-இல் நத்தை கேஸ் தாக்கல்! மூணு வாரம்கூட ஆகலை. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கேட்டது 500 பவுண்டு நஷ்ட ஈடு.

எடின்பரோவில் முதலில் ஜெயம், அப்பீலில் தோல்வி. லண்டன் பிரபுக்கள் சபைக்குப் போக செலவுக்குப் பிணைத்தொகை கட்டணும். தன்னிடம் 5 பவுண்டு சொத்துகூட இல்லை என்று சத்தியம் செய்து, 'ஏழை வழக்காளி' என்ற சலுகையில்தான் மே உள்ளே போனார்.

1932 மே 26-இல் தீர்ப்பு. மூணுக்கு ரெண்டு என்று மயிரிழையில் ஜெயித்தார். எதிர்த்தவர்களில் ஒருவரான பக்மாஸ்டர் பிரபு, இதை ஒத்துக்கொண்டால் இது எங்கே போய் நிற்கும், வீட்டைச் சரியாகக் கட்டாதவன் மேல்கூட யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாமே என்று கவலைப்பட்டார். அட்கின் பிரபு வேறு மாதிரி யோசித்தார். நம் செயலால் யாருக்குக் கேடு வரும் என்று முன்கூட்டியே தெரியுமோ, அவர்தான் சட்டத்தின் கண்ணில் நமக்கு அயலார், அவர் விஷயத்தில் கவனமாக இருக்கணும். பார்த்தே இராத பெய்ஸ்லிக்காரருக்கு கிளாஸ்கோ அம்மா அயலார் ஆனது இப்படித்தான்.

நம்ம நாட்டுல 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்தச் சிக்கலை ஒரே வரியில் தீர்த்துவிட்டது. காசு கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். ஆக, மச்சான் வாங்கினாலும் என் மகள் நுகர்வோர். 2020-இல் அமலுக்கு வந்த புதுச் சட்டப்படி தயாரிப்பாளர் மேலேயே பொறுப்பு வைக்கலாம். கம்பெனி எங்கே இருந்தாலும், குடியிருக்கிற மாவட்டத்திலேயே, எங்க ஊர்க்காரங்கன்னா தேனியிலேயே, மனு கொடுக்கலாம். ரெண்டு வருஷத்துக்குள் போடணும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியை சீல் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். ஆனா அனுப்ப மாதிரி வேணுமே! மிச்சத்தோட பாக்கெட், பில்லு, கம்பி, ஒரு போட்டோ... எங்கிட்ட ஒண்ணும் இல்லை.

மறுநாள் அண்ணாச்சிகிட்ட இந்தக் கதை பூராவும் சொன்னேன். பொட்டலம் கட்டிக்கிட்டே கேட்டவர், "சரி தம்பி, நெசமாவே நத்தை இருந்துச்சா?" என்றார்.

அது கோர்ட்டில் நிரூபணம் ஆகவே இல்லை. பிரபுக்கள் சொன்னது, நத்தை இருந்திருந்தால் வழக்கு செல்லும் என்பது மட்டும்தான். சாட்சி விசாரணை நடக்கும் முன்பே ஸ்டீவன்சன் இறந்துபோனார். அப்புறம் 200 பவுண்டுக்கு சமாதானமாகப் போனதாகச் சொல்கிறார்கள்.

"200 பவுண்டுன்னா அப்ப பெரிய காசுல்ல?" என்றார் அண்ணாச்சி.