தரையில் உட்கார்ந்தே பறக்கக் கற்ற கதை

மலர்க்குழு நண்பர் போன் செய்து, "உன் வேலையைப் பத்தி ஒரு கட்டுரை கொடு. ஆனா ஃபார்முலா எதுவும் போட்டுடாதே, யாரும் படிக்க மாட்டாங்க" என்றார். ட்ரோன்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி வடிவமைப்பது என் தொழில். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால், மனசு என்னவோ நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்கே போய் நிற்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2012-ஆம் ஆண்டு, இறுதியாண்டு ப்ராஜெக்ட். நாங்கள் நாலு பேர் காசு போட்டு, அலுமினியக் குழாயை அறுத்து, நாலு மோட்டார் பூட்டி ஒரு குவாட்காப்டர் செய்தோம். கணக்கு சரி, சர்க்யூட் சரி, சோல்டரிங்கும் சரி. ஆனால் அதை ஓட்ட யாருக்கும் தெரியாது. அது ஒரு குறையாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. "ரிமோட் கார் மாதிரிதானே" என்று நான்தான் ரிமோட்டை வாங்கினேன்.

தூக்கியவுடன் அது மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்து நின்றது. பிறகு என் இடது பக்கமாக நழுவியது. நான் பதறிப் போய் குச்சியை வலது பக்கம் தள்ளினேன். முகம் நம்மைப் பார்த்து இருக்கும்போது அதன் வலது நமக்கு இடது அல்லவா? அது இன்னும் வேகமாக இடப்பக்கம் பாய்ந்தது. அங்கே நின்றிருந்த நண்பன், இத்தனை மாதம் உழைத்தது உடைந்துவிடக் கூடாதே என்று கையை நீட்டினான். புரொப்பெல்லர் மூன்று விரல்களைக் கிழித்துவிட்டது. கைடு சார்தான் தன் ஸ்கூட்டரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். எட்டுத் தையல். அவனுடைய மோதிர விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது.

இதைத் தவிர்த்திருக்க முடியுமா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். முடியும் என்பதுதான் விடை. அந்த விடைக்கு நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

விமானம் வந்த கொஞ்ச காலத்திலேயே இந்தக் கவலையும் வந்துவிட்டது. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் ஆன்ட்வானெட் என்ற விமானத்துக்காக ஒரு பயிற்சிப் பொறி செய்தார்கள். பீப்பாயைப் பாதியாக அறுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மேலே மாணவனை உட்கார வைத்தார்கள். சுற்றிலும் நிற்பவர்கள் பீப்பாயைப் பிடித்து ஆட்டுவார்கள். மாணவன் சக்கரங்களைத் திருகி அதை நேராக நிறுத்த வேண்டும். சிரிப்பு வரலாம். ஆனால் சிமுலேட்டரின் மூலக்கருத்து முழுவதும் அதில் இருக்கிறது. தப்பு செய்யலாம், சாக வேண்டியதில்லை.

இதை உண்மையான கருவியாக மாற்றியவர் அமெரிக்காவின் எட்வின் லிங்க். அவர் அப்பாவுக்கு நியூயார்க் மாநிலம் பிங்ஹாம்டனில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை. லிங்க் 1920-இல் முதன்முதலாக விமானப் பாடத்துக்குப் போனார். அந்தப் பாடத்தில் ஆசிரியர் வானத்தில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினாரே தவிர, மாணவனைக் கட்டுப்பாட்டைத் தொட விடவில்லை. பறப்பதற்கு ஆகும் செலவில் கற்பது சாமானியனுக்குக் கட்டுப்படியாகாது என்று லிங்க்குக்குப் பட்டது.

அவருக்குத் தெரிந்தது ஆர்கன். நம் ஊர் ஆர்மோனியத்தில் துருத்தி இருக்கிறதே, அதே தத்துவம். காற்றுத் துருத்திகளின் மேல் ஒரு சிறிய விமானக் கூட்டை உட்கார வைத்தார். குச்சியை அசைத்தால் வால்வு திறந்து ஒரு துருத்தி உப்பும், இன்னொன்று சுருங்கும், கூடு சாயும். 1929-இல் கருவி தயார். காப்புரிமை கேட்டு விண்ணப்பித்ததும் அதே ஆண்டில்தான். விமானப் பள்ளிகள் அதிகம் சட்டை செய்யவில்லை. கேளிக்கைப் பூங்காக்கள்தான் வாங்கின. காசு போட்டு ஆடும் ராட்டினம் மாதிரி ஜனங்கள் ஏறி விளையாடினார்கள்.

திருப்பம் 1934-இல் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் தனியார் கம்பெனிகளின் விமானத் தபால் ஒப்பந்தங்களை ரத்து செய்து, வேலையை ராணுவ விமானப் படையிடம் கொடுத்தார். பனியிலும் இருட்டிலும் மீட்டர்களை மட்டும் பார்த்துப் பறக்க அந்த விமானிகளுக்குப் போதிய பயிற்சி இல்லை. சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதிகாரிகள் லிங்க்கைச் சந்திக்க நியூவார்க் வந்தார்கள். அன்று கடும் மூடுபனி, யாரும் பறக்க முடியாத நாள். லிங்க் அந்தப் பனிக்குள்ளேயே பறந்து வந்து இறங்கினார். அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1934 ஜூனில் ராணுவம் ஆறு கருவிகளுக்கு ஆர்டர் கொடுத்தது, ஒன்று 3,500 டாலர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 10,000-க்கும் மேல் தயாராயின. நேச நாட்டு விமானிகள் சுமார் 5 லட்சம் பேர் அந்த நீலப் பெட்டிக்குள் உட்கார்ந்து எழுந்தவர்கள்.

துருத்தி போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகு சிமுலேட்டர் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1975-இல் இதைப் பற்றி ஆய்வேடு எழுதிய புரூஸ் ஆர்ட்விக்கின் வேலைதான் பிற்பாடு 1982-இல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஆனது. 1990-களில் ரிமோட் விமானப் பிரியர்களுக்கும் தனி சிமுலேட்டர்கள் வந்தன. 2015-ஐ ஒட்டி ட்ரோன் பந்தயம் சூடு பிடித்ததும், பெல்ஜியத்தில் உருவான லிஃப்ட்ஆஃப் போன்றவை கைக்கு எட்டின. நாம் நிஜமாகப் பறக்க விடும் அதே ரிமோட்டை யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் செருகினால் போதும்.

விமானத்தை விட ட்ரோனுக்குத்தான் இது அதிகம் தேவை என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன். சாதாரணப் பயிற்சி விமானத்தின் இறக்கையும் வாலும் தப்பைக் கொஞ்சம் மன்னிக்கும். கையை எடுத்தால் ஓரளவு தானே நேராக வரப் பார்க்கும். நாலு மோட்டார் ட்ரோனுக்கு அந்தக் குணம் பிறவியிலேயே கிடையாது. நிமிர்த்தி வைப்பது முழுக்க முழுக்க உள்ளே இருக்கும் மின்னணுக் கருவி. பந்தய வீரர்கள் பயன்படுத்தும் அக்ரோ முறையில் அந்தக் கருவியும் தானாக நிமிர்த்தாது. சாய்த்த சாய்விலேயே நிற்கும். திருப்பி நிமிர்த்த வேண்டியது உங்கள் விரல்.

விரலுக்குப் புத்தகம் படிக்கத் தெரியாது. சைக்கிள் பழகின மாதிரி, விழுந்து விழுந்துதான் அது கற்கும். முகம் நம்மைப் பார்த்திருக்கும்போது, எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைக் கொண்டு போ என்பது சூத்திரம். ஒரு வரிதான். இதை எனக்கு யார் வேண்டுமானாலும் 2012-இல் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அந்த அரை வினாடியில் ஞாபகம் வந்திருக்காது. பல வருஷம் கழித்து சிமுலேட்டரில் உட்கார்ந்தபோது, முதல் நாள் மாலையிலேயே என் ட்ரோன் நாற்பது தடவைக்கு மேல் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டனை அழுத்தினால் புதிதாக நிற்கும். இரண்டு வாரத்தில் கை தானாகப் போகத் தொடங்கியது. அன்று ராத்திரி நண்பனுக்குப் போன் செய்து, "டேய், இது தெரிஞ்சிருந்தா உன் விரல் நல்லா இருந்திருக்கும்டா" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "அதை எனக்குச் சொல்லி என்னடா பிரயோஜனம்? இப்போ படிக்கிற பசங்களுக்குச் சொல்லு" என்றான்.

சிமுலேட்டரே எல்லாம் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2023-இல் ஜூரிக் பல்கலைக்கழகத்தார் ஸ்விஃப்ட் என்ற தானியங்கி ட்ரோனைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சிமுலேட்டருக்குள்ளேயே பழகிய அந்த ட்ரோன், மூன்று மனித சாம்பியன்களோடு நடந்த 25 பந்தயங்களில் 15-ஐ வென்றது. ஆனால் நிஜமான பறத்தலில் எடுத்த அளவீடுகளையும் சிமுலேட்டருக்குள் சேர்த்துத் திருத்திய பிறகுதான் அது சாத்தியமாயிற்று. எதிர்காற்று, இறங்கிப் போகும் பேட்டரி, பக்கத்தில் ஆள் நிற்கிறானே என்ற பயம், இவற்றை மைதானம்தான் கற்றுத்தரும். பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும் என்ற அலட்சியத்தோடு மைதானத்துக்குப் போனால், அதுவும் ஆபத்துதான்.

நம் நாட்டின் 2021 ட்ரோன் விதிகளின்படி, பெரிய ட்ரோன்களை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பயிற்சியில் சிமுலேட்டரும் ஒரு பகுதி. ஆனால் கல்லூரி ப்ராஜெக்டில் சின்னதாகச் செய்து பறக்க விடும் பையனும் பெண்ணும் அந்தப் படியை ஏறாமலேயே மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள், அன்று நாங்கள் வந்த மாதிரி.

ஆகவே இந்த மலர் வழியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பெரிய கட்டடம் கேட்கவில்லை. லேபில் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. நாலு ரிமோட்டும் மென்பொருளும் வாங்கிக் கொடுத்தால் போதும். அங்கே பத்து மணி நேரம் பழகாத யாரும் மைதானத்தில் ரிமோட்டைத் தொடக் கூடாது என்று ஒரு விதி எழுதி ஒட்ட வேண்டும். முதல் ரிமோட்டுக்கான பணத்தை நான் தருகிறேன். இரண்டாவது ரிமோட்டை, மோதிர விரல் மடங்காத நண்பன் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

மீதி இரண்டுக்கு, சந்திப்பன்று மதியச் சாப்பாட்டுப் பந்தியில் உங்களைப் பிடித்துக்கொள்கிறேன்.

– 2008–2012 மாணவன், மின்னணுவியல் துறை