மேசையும் சான்றிதழும்: இந்தியாவில் கை மல்யுத்தம் வளர்ந்த வழி

முழங்கையை ஊன்றி எதிராளியின் கையைச் சாய்க்கும் பலப்பரீட்சைக்குக் களம் தேடி அலைய வேண்டியதில்லை. டீக்கடை பெஞ்சு போதும், கல்லூரி கேன்டீன் மேசை போதும், வண்டியின் பின்கதவுப் பலகைகூடப் போதும். காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள உடற்பயிற்சிக் கூடங்களில் பையன்கள் இதை 'ஆர்ம் ரெஸ்லிங்' என்கிறார்கள், பத்திரிகைகள் 'கை மல்யுத்தம்' என்று எழுதுகின்றன. எல்லோருக்கும் தெரிந்த இந்த ஆட்டம் பள்ளி விளையாட்டு விழாவின் பட்டியலில் ஏன் இல்லை? அதே தெருவில் ஆடிய சடுகுடு கபடியாகி ஆசிய விளையாட்டுப் போட்டி வரை போனது எப்படி? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தியாவில் கை மல்யுத்தம் வளர்ந்த கதை புரியும்.

என் வாதம் இது. ஒரு பலப்பரீட்சையைத் தேசிய அமெச்சூர் விளையாட்டாக உயர்த்துவதில் கூட்டத்தின் ஆர்வத்துக்குச் சிறு பங்குதான் உண்டு. ஒரே அளவான களமும் எல்லோரும் ஏற்ற விதிநூலும் முதலில் வேண்டும். அதன்பின், அங்கே வென்றவர் கையில் வாங்கும் சான்றிதழுக்கு ஏதாவது ஓர் அலுவலகத்தில் மதிப்பு இருக்க வேண்டும். கை மல்யுத்தத்துக்கு முதலிரண்டும் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாவது இன்னும் கைகூடவில்லை.

போட்டி வடிவம் பிறந்த இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள பெட்டலூமா என்ற சிற்றூர். 1950களின் தொடக்கத்தில் அங்கிருந்த கிலார்டி மதுக்கூடத்தில் நடந்த மோதல்களை உள்ளூர்ப் பத்திரிகையாளர் பில் சொபரானெஸ் ஒழுங்கான போட்டியாக மாற்றினார். 1960களில் அது உலகப் போட்டி என்ற பெயர் பெற்றது. 1968இல் 'பீனட்ஸ்' சித்திரத்தொடரில் ஸ்னூப்பி என்ற நாய் பெட்டலூமாவுக்குப் புறப்பட்டுப் போய், கட்டைவிரல் இல்லாததால் தகுதி இழந்து திரும்பியது. அந்தக் கார்ட்டூன் ஊரின் பெயரை அமெரிக்கா முழுவதும் பரப்பியது. அடுத்து ஏபிசி தொலைக்காட்சி போட்டியை ஒளிபரப்பத் தொடங்கியது. மரம் வெட்டுபவரும் லாரி ஓட்டுநரும் வீட்டு வரவேற்பறைக்குள் வந்தார்கள். 1987இல் சில்வெஸ்டர் ஸ்டாலோன் லாரி ஓட்டுநராக நடித்த 'ஓவர் தி டாப்' படம் அதை உலகெங்கும் கொண்டுசென்றது.

இந்தியா இந்தக் கதைக்குள் பின்னால் வந்து சேர்ந்த நாடு அல்ல. 1977இல் உலகக் கை மல்யுத்தக் கூட்டமைப்பு அமைந்தபோது அமெரிக்கா, கனடா, பிரேசில் ஆகியவற்றுடன் இந்தியாவும் தொடக்க உறுப்பினர். முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1979இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள வெட்டாஸ்கிவின் ஊரில் நடந்தது. இன்று இந்த விளையாட்டில் கோலோச்சும் ஜார்ஜியா, கஜகஸ்தான் போன்றவை அப்போது தனி நாடுகளாகவே இல்லை. வரிசையில் முதலில் நின்ற நாடு வேகத்தில் பின்தங்கியது எப்படி என்பதே ஆராய வேண்டியது.

அதற்குமுன் மேசையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டின் வரலாற்றில் பாதி மேசையின் வரலாறு. நின்று ஆடும் மேசையின் உயரம் 40 அங்குலம். மேற்பலகையில் ஆளுக்கொரு முழங்கைத் திண்டு, சதுரமாக, பக்கத்துக்கு 7 அங்குலம். ஓரங்களில் இரண்டு தொடுதிண்டுகள். எதிராளியின் கையை அதுவரை சாய்த்தால் வெற்றி. ஆடாத கை பிடித்துக்கொள்ள ஆளுக்கொரு குத்துக்கம்பி. பிடி அமைப்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். கட்டைவிரல் கணு வெளியே தெரிய வேண்டும், மணிக்கட்டு நேராக நிற்க வேண்டும், தோள்கள் மேசைக்கு இணையாக இருக்க வேண்டும். இருவரும் பிடியை விட்டுக்கொடுக்காமல் இழுத்தடித்தால் நடுவரே இரு கைகளையும் சேர்த்துப் பொருத்திவிடுவார். முழங்கை திண்டைவிட்டு எழும்பினால் தவறு, இரண்டு தவறு செய்தால் தோல்வி. பிடி நழுவினால் நாடாவால் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துக் கட்டி மறுபடி தொடங்குவார்கள். இடக்கைக்கும் வலக்கைக்கும் தனித்தனிப் பதக்கம். இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம் என்பதால், முதல் சுற்றில் பதற்றத்தில் வழுக்கியவர் கீழ் வரிசையில் ஏறி வந்து இறுதியாட்டத்தை எட்ட முடியும்.

டீக்கடை பெஞ்சில் உடம்பு பெருத்தவர் ஜெயிப்பார். இந்த மேசையில் அப்படிச் சொல்லிவிட முடியாது. எதிராளியின் மணிக்கட்டை உள்ளே மடக்கி இழுப்பது 'ஹூக்'. அவர் விரல்களின் மேல் ஏறி உள்ளங்கையைத் திறக்க வைப்பது 'டாப் ரோல்'. தோளையும் மார்பையும் கையின் பின்னால் கொண்டுவந்து அழுத்துவது 'பிரெஸ்'. மூன்றிலும் புஜத்தைவிட முன்கையும் விரலும் மணிக்கட்டும்தான் தீர்மானிக்கின்றன. எடைப்பிரிவும் விதியும் வந்தபிறகுதான் 60 கிலோ இளைஞரும் பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் களத்துக்குள் வந்தார்கள்.

ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கை பின்னுக்குப் போகும்போது உடம்பைத் திருப்பி முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு தோளால் தள்ளினால், மேற்கை எலும்பு முறுக்கேறி நடுவிலோ சற்றுக் கீழேயோ உடைந்துபோகும். சிலருக்கு அந்த முறிவோடு மணிக்கட்டைத் தூக்கும் நரம்பும் அடிபடும். பயிற்சியாளர்கள் முதல் நாளே சொல்லித்தரும் பாடம், 'கண் எப்போதும் கையின் மேல் இருக்கட்டும்' என்பது. பயிற்சி பெற்ற நடுவர் அந்த நிலையைக் கண்டவுடன் குரல் கொடுப்பார். டீக்கடையில் அப்படிக் குரல் கொடுக்க ஆளில்லை. திருவிழா மேடையில் விளையாட்டாகக் கை கோத்துக் கட்டுப்போட்டுத் திரும்பியவர்களை எந்த ஊரிலும் காணலாம். விதிநூல் நேர்மைக்காக மட்டும் இல்லை, எலும்புக்காகவும் இருக்கிறது.

இந்தியாவுக்குள் இந்த விளையாட்டு வேர்விட்ட இடங்களில் கேரளத்துக்குத் தனி இடம் உண்டு. அங்கே 'பஞ்ச குஸ்தி' என்று அழைக்கப்படும் இந்த ஆட்டம் கிளப் விழாக்களில் வழக்கமான நிகழ்ச்சி. பிறவியிலேயே கால்கள் வளர்ச்சி குன்றிய ஜோபி மேத்யூ கை மல்யுத்தத்தில் பொதுப்பிரிவு வீரர்களோடும் மோதி, உலகப் போட்டிப் பதக்கம் வரை போனார். கோழிக்கோடு மாவட்டத்தின் மஜிசியா பானு பல் மருத்துவம் படித்துக்கொண்டே வலுதூக்குதலிலும் கை மல்யுத்தத்திலும் இறங்கினார். ஹிஜாப் அணிந்தபடியே மேசைக்கு வந்த அவர், 2018இல் துருக்கியின் அந்தால்யாவில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவுக்காகக் கை கோத்தார். மேசை என்ற கருவி யார் யாருக்கெல்லாம் கதவைத் திறந்தது என்பதற்கு இந்த இருவரும் சாட்சி. ஆனால் இருவரும் கை மல்யுத்தத்தோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரசு அங்கீகாரம் உள்ள வலுதூக்குதல் பக்கமும் ஒரு காலை ஊன்றிக்கொண்டார்கள்.

இங்கேதான் கபடியின் ஒப்பீடு உதவுகிறது. சடுகுடு, ஹுதுது, ஹாடுடு என்று மாநிலத்துக்கு ஒரு முறையில் ஆடிய ஆட்டம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்திலும் பரோடாவிலும் உடற்பயிற்சிக் கழகங்கள் அதற்கு விதி எழுதின. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழு அங்கே ஆடிக்காட்டியது. 1938இல் கல்கத்தாவில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் அது சேர்ந்தது. 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக இருந்தது, 1990இல் பெய்ஜிங்கில் பதக்கப் போட்டியானது.

இந்தத் தேதிகளுக்கு அடியில் ஓடியது வேலைவாய்ப்பு. ரயில்வே, காவல்துறை, வங்கிகள், மின்வாரியம், பொதுத்துறை ஆலைகள் எல்லாம் தங்களுக்கென்று கபடிக் குழு வைத்துக்கொண்டன. ஊர்த் திடலில் நன்றாகப் பாடிப் போகும் பையனை அலுவலகக் குழு அழைத்துக்கொள்ளும். அவன் மாத ஊதியத்தோடு பயிற்சி செய்வான். தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடினார், அர்ஜுனா விருது பெற்றார், மின்வாரியத்தில் பணிபுரிந்தார். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' 2025இல் வெளிவந்தது. சாதியும் வறுமையும் மறித்த பாதையில் ஒரு சீருடையும் ஒரு சம்பளச் சீட்டும் என்ன செய்யும் என்பதைத் தென் மாவட்டத்துக் கபடிக் குடும்பங்களைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

அங்கீகாரம் எல்லாவற்றையும் நேராக்கிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. கபடிக் கூட்டமைப்பின் தலைமை பல பத்தாண்டுகள் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு நிர்வாகியை நியமித்தது. என்றாலும் அந்தச் சண்டை நடந்த காலத்திலும் சான்றிதழின் மதிப்பு குறையவில்லை. ஆட்டக்காரருக்கு வேலை கிடைத்தது.

கை மல்யுத்த வீரருக்கு அந்த வாசல் இல்லை. மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தகுதியான ஆட்டங்களின் பட்டியல் 2020 செப்டம்பரில் 43இலிருந்து 63ஆக விரிந்தது. மல்லர் கம்பமும் கயிறு இழுத்தலும் உடற்கட்டுப் போட்டியும் அப்போது உள்ளே வந்தன. கை மல்யுத்தம் வரவில்லை. மல்லர் கம்பத்துக்குப் பல்லாண்டுகளாக ஒரே தேசிய அமைப்பின் கீழ் மாநிலக் கழகங்களும் பள்ளி அளவிலான போட்டிகளும் இருந்தன. நம் விழுப்புரத்திலேயே அதைக் கண்ணால் பார்க்கலாம். கை மல்யுத்தத்திலோ ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் தேசியக் கூட்டமைப்பு என்று உரிமை கொண்டாடின, போட்டி நடத்தின, சான்றிதழ் வழங்கின. அண்மை ஆண்டுகளில் உலக அளவிலும் ஒரு பிளவு வந்தது. எந்தச் சான்றிதழ் செல்லும் என்று வீரருக்கே தெரியாத நிலையில், அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

இந்த முட்டுச்சந்தில் வேறு பக்கமாகத் திறந்த வழி தொழில்முறை லீக். நடிகர்கள் பர்வீன் தபாஸ், பிரீத்தி ஜாங்கியானி இருவரும் தொடங்கிய 'புரோ பஞ்சா லீக்'கின் முதல் பருவம் 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 13 வரை டெல்லி இந்திரா காந்தி உள்ளரங்கில் நடந்தது. கொச்சி, ஹைதராபாத், ரோத்தக், மும்பை, பரோடா, லூதியானா என ஆறு அணிகள். கோப்பை கொச்சிக்குப் போனது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிப் பிரிவுகள் இருந்தன. ஆறு அணிகளில் சென்னையின் பெயர் இல்லாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பிரீத்தி தலைமையேற்ற 'பீப்பிள்ஸ் ஆர்ம்ரெஸ்லிங் ஃபெடரேஷன்' 2024 அக்டோபரில் மும்பையில் ஆசியக் கோப்பையையும், 2025 மே மாதம் டெல்லியில் ஆசியச் சாம்பியன்ஷிப்பையும் நடத்தியது. கபடியில் அமெச்சூர் கட்டமைப்பு முதலில் வந்தது, 2014இல் லீக் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. கை மல்யுத்தத்தில் வரிசை தலைகீழ். லீக்கின் வெளிச்சத்தில்தான் அமெச்சூர் அமைப்பு இப்போது உருப்பெறப் பார்க்கிறது. தொலைக்காட்சிப் பணம் வற்றினால் என்ன ஆகும் என்ற கவலைக்கு இடமுண்டு.

இனி வாலாஜாபாத். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய இந்த ஊர் ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் முகாம். இன்று பாலாற்றங்கரையில் நெசவுக் கிராமங்கள் சூழ்ந்த பேரூர். அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் குழித்தறிச் சத்தம் இன்னும் அடங்கவில்லை. கரையை உடலோடு கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு, ஊடுநூலைக் கொண்டுசெல்லும் நாடா மூன்று ஓட வேண்டும். மூத்தவர் தறியில் உட்கார்ந்து பலகையை இழுத்து அடிக்க, கரைப் பக்கம் ஓர் இளையவர் நாடா தள்ளுவார். இப்படி வளர்ந்த கைகள் மேசைக்கு இயல்பாகவே ஏற்றவை என்று எழுதுவது எளிது. அதை நான் ஏற்கமாட்டேன். தறி கேட்பது மெல்லிய விசையை ஆயிரக்கணக்கான தடவை தரும் பொறுமை. மேசை கேட்பது சில நொடிகளில் முழுப் பலம். தசைநார் ஏற்கெனவே தேய்ந்த கையோடு பயிற்சி இல்லாமல் மேசைக்கு வந்தால் ஆபத்து கூடும். கை உடைந்தால் பட்டு நெசவாளருக்குப் பல மாதம் கூலி போகும், பாதியில் நிற்கும் பாவுக்கு முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டும். இந்த ஊருக்குக் கை மல்யுத்தம் வருவதானால், பயிற்சி பெற்ற நடுவரோடும் சரியான மேசையோடும் வரட்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

தறியைவிட்ட இளைஞர்கள் விடியலில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போகிறார்கள், பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக. கபடியை வளர்த்த பொதுத்துறை ஆலை ஆட்டக்காரரைத் தேடிப் பிடித்து நிரந்தர வேலை கொடுத்தது. ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டில் விளையாட்டு ஒதுக்கீடு என்ற பத்தியே கிடையாது. மாலை ஷிப்ட் முடிந்து ஜிம்முக்கு வரும் இளைஞன் தன் சம்பளத்தில் புரதப் பொடி வாங்கி, விடுப்பைத் தியாகம் செய்து, ரயில் செலவையும் தானே ஏற்றுத்தான் வெளிமாநிலப் போட்டிக்குப் போக வேண்டும். இதைவிடத் தூய அமெச்சூர் நிலை வேறில்லை, ஆனால் அதைப் பெருமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. தேசிய விளையாட்டு வாரியம் ஒன்றை அமைத்து, எந்தக் கூட்டமைப்புக்கு அங்கீகாரம் என்பதை அதன் பொறுப்பில் விடுகிறது அந்தச் சட்டம். கை மல்யுத்த அமைப்புகள் தங்கள் வழக்கையும் பதவியையும் ஒதுக்கிவைத்து ஒரே அமைப்பாக அந்த வாரியத்தின் முன் நிற்க வேண்டிய நேரம் இது. மாநில அளவில் செய்யக்கூடியதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கபடியும் சிலம்பமும் இடம்பெறும் முதலமைச்சர் கோப்பையில் கை மல்யுத்தத்தையும் முதலில் காட்சிப் போட்டியாகச் சேர்க்கலாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் அப்படித்தான் உள்ளே வந்தது. மாவட்டத்துக்கு நான்கு மேசையும், விதிநூல் படித்துத் தேர்ந்த எட்டு நடுவர்களும் இருந்தால் காஞ்சிபுரத்திலேயே தொடங்கிவிடலாம்.