13 நாளில் போட்ட ரேங்க்



பாரிஸ் சியால், கொலோன் அனுகா, துபாய் கல்ஃபுட் என்று உணவு, பானக் கண்காட்சிகளுக்குப் போய்வரும் நம் பிள்ளைகள் படம் போடுகிறீர்கள். ஸ்டால்களில் தொங்கும் பதக்கங்களையும் தர முத்திரைகளையும் பார்த்தால் எனக்கு 1855தான் நினைவுக்கு வரும். அந்த வருடம் ஒரு கண்காட்சிக்காக அவசரமாகப் போட்ட ரேங்க் பட்டியல் இன்றும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது.

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்குப் போட்டியாக, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் 1855 மே மாதம் பாரிசில் ஒன்று நடத்தினார். போர்தோ வட்டாரத்து ஒயின்களைக் காட்சிக்கு வைக்கும் பொறுப்பு அவ்வூர் வர்த்தக சபைக்கு வந்தது. வெறும் பாட்டிலை அடுக்கினால் பார்க்கிறவருக்கு என்ன புரியும்? ஒரு வரைபடமும், எந்தத் தோட்டம் எந்தத் தரம் என்ற பட்டியலும் வைக்க முடிவாயிற்று. ஏப்ரல் 5ஆம் தேதி சபை ஒயின் தரகர்களுக்குக் கடிதம் எழுதியது. 18ஆம் தேதி பட்டியல் வந்துவிட்டது.

வாத்தியார் ஒயினைப் பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்க வேண்டாம். வரலாறு எழுதச் சுவைத்துப் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் தரகர்களும் இதற்காகத் தனியாகச் சுவைத்து மார்க் போடவில்லை. பல்லாண்டுகளாக எந்தத் தோட்டத்துச் சரக்கு என்ன விலைக்குப் போனது என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதையே தரமாக எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 900 லிட்டர் கொண்ட ஓர் அளவுக்கு 3000 பிராங்க்குக்கு மேல் போனால் முதல் தரம், 1400 முதல் 1600 வரை என்றால் ஐந்தாம் தரம். இப்படிச் சிவப்பு ஒயினுக்கு ஐந்து படிகள். முதல் படியில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என்று நான்கே பேர். இது மனத்தாங்கலை உண்டாக்கக்கூடிய வேலை என்று தரகர்களே தங்கள் கடிதத்தில் எச்சரித்திருந்தார்கள்.

கண்காட்சி முடிந்தது, கூடாரம் பிரிந்தது. பட்டியல் மட்டும் பிரியவில்லை. நம் ரேங்க் கார்டு அடுத்த பரீட்சையில் மாறிவிடும். இது 170 ஆண்டுகளாக ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. அதிலும் வேடிக்கை, ரேங்க் நிலத்துக்கு இல்லை, தோட்டத்தின் பெயருக்கு. பூச்சி விழுந்து கொடிகள் அழிந்தன, புதிதாக நட்டார்கள், சொந்தக்காரர்கள் மாறினார்கள், பக்கத்து வயலை வாங்கிச் சேர்த்தார்கள். பெயர் அதே என்றால் தரமும் அதே. மேல் படியில் இருப்பவருக்கு நல்ல விலை. அந்தப் பணத்தில் நல்ல பாதாளக் கிடங்கு, நல்ல பீப்பாய், நல்ல ஆட்கள். விலையைப் பார்த்துக் கொடுத்த ரேங்க் பிறகு விலையையே தூக்கி நிறுத்தியது. என் பார்வையில் இதுதான் இதிலுள்ள பெரிய அநியாயம். ஆற்றின் மறுகரையிலிருந்த சாந்த்-எமிலியோன், பொமரோல் தோட்டங்கள் பட்டியலிலேயே இல்லை.

முதல் தரத்துக்கு ஒருவர் மட்டும் ஏறினார். மூத்தோன் தோட்டத்தை ரோத்ஷில்ட் குடும்பம் 1853இல் வாங்கியிருந்தது. இரண்டு வருடத்தில் வந்த பட்டியலில் அது இரண்டாம் தரம். 1922இல் பொறுப்பேற்ற ஃபிலிப் த ரோத்ஷில்ட் பல பத்தாண்டுகள் விடாமல் போராடினார். 1973இல்தான் முதல் தரமாக உயர்த்தும் ஆணை வந்தது. கையெழுத்திட்ட விவசாய அமைச்சர் ஜாக் ஷிராக், பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர். அதற்குப் பிறகு யாரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

அதே போர்தோ வர்த்தக சபைதான் 1981இல் வினெக்ஸ்போ என்ற சர்வதேச ஒயின் கண்காட்சியைத் தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் அவ்வப்போது திருத்துவதுதானே நியாயம் என்று கேட்பீர்கள். விடுபட்டுப்போன சாந்த்-எமிலியோன் 1955இல் தனக்கென்று ஒரு பட்டியல் போட்டு, சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்துவது என்று வைத்துக்கொண்டது. 2006இல் போட்டதை, கீழே இறக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள், பட்டியல் ரத்தானது. 2021இல் உச்சியிலிருந்த ஷெவால் பிளான், ஓசோன் இரண்டும் இந்த மதிப்பீட்டு முறையே எங்களுக்கு வேண்டாம் என்று விலகிக்கொண்டன. 2022இல் வந்த பட்டியலில் அந்த இரண்டு பெயர்களும் இல்லை.